பழைய எண், புதிய எண்: கன்டெய்னருக்குள் கன்டெய்னர் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அலுவலகங்களிலிருந்து ஒரே மனக்குறையைச் சுமந்து வந்திருக்கின்றன. மென்பொருளைச் சோதித்துப் பார்க்க நிறுவனம் ஒதுக்கித் தரும் இடமே ஒரு லினக்ஸ் கன்டெய்னராக, அதாவது ஓர் இயந்திரத்துக்குள் தனியறைபோல் பிரித்துவைத்த இடமாக, இருக்கிறது. அதுவும் அதைத் தாங்கும் மூல இயந்திரத்தில் தனி அதிகாரம் ஏதும் இல்லாத சாதாரணப் பயனரின் பெயரில் இயங்குவது. அதற்குள் சோதனைகள் தம் பங்குக்கு இன்னொரு கன்டெய்னரைத் தொடங்க முயல்கின்றன. தகராறு அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (பெருங்குடியிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் சோதனைக் கன்டெய்னருக்குள் நான் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனர். அங்கே ‘பில்டர்’ என்றொரு சாதாரணப் பயனரை உருவாக்கினேன். அவருக்கு 100000 என்ற எண்ணிலிருந்து 65536 துணை எண்கள் தாமாகவே ஒதுக்கப்பட்டன. ஆனால் அவர் பெயரில் பாட்மேன் என்ற கன்டெய்னர் கருவியைக் கொண்டு உள்ளே ஒரு கன்டெய்னரைத் தொடங்கினால், உள் எண்ணுக்கு எந்த வெளி எண் என்று பதியும் யூஐடி மேப் கோப்பில் எழுத முடியவில்லை, ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. ரூட்டாகிய நானே ஒதுக்கிக் கொடுத்த எண்கள் செல்லாமற்போவது எப்படி?

பதில்: சென்னையில் முகவரி தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் தெருக்களில் ஒரே கதவின் மேல் ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும், வீடு ஒன்றுதான். லினக்ஸின் மைய நிரலாகிய கெர்னலின் யூசர் நேம்ஸ்பேஸ் செய்வதும் ஏறக்குறைய இதுவே. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த 3.8 பதிப்பில் முழுமை பெற்ற இந்த வசதியின்படி, ஒரு பயனருக்குக் கன்டெய்னருக்குள் ஓர் எண்ணும் வெளியே வேறோர் எண்ணும் இருக்கலாம். உங்கள் கன்டெய்னரில் ரூட்டின் புதிய எண் 0. மூல இயந்திரத்தில் அதன் பழைய எண் 100000 என்று வைத்துக்கொள்வோம். கோப்பு யாருடையது என்று வட்டில் பதிவாவது பழைய எண்ணில்தான். புதிய எண்ணாகிய 0 தரும் அதிகாரம் அந்த நேம்ஸ்பேஸுக்குச் சொந்தமான பொருள்களின் எல்லையைத் தாண்டாது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். வெளிக் கன்டெய்னருக்கு மூல இயந்திரம் 65536 எண்களை மட்டுமே கொடுத்திருக்கிறது. எனவே உங்கள் உலகில் 0 முதல் 65535 வரையிலான எண்களே இருக்கின்றன. பில்டருக்கு ஒதுக்கப்பட்டதாகக் கோப்பில் எழுதியிருக்கும் 100000 என்ற எண் அந்த உலகில் பிறக்கவே இல்லை. துணை எண்களின் ஒதுக்கீட்டைப் பதிந்துவைக்கும் சப்யூஐடி கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. அதில் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம், பயனரை உருவாக்கும் கருவியும் தன் வழக்கப்படி எழுதிவிடுகிறது. ஆனால் அதைப் படித்துக்கொண்டு நியூயூஐடிமேப் என்ற சிறு நிரல் கெர்னலிடம் போகும்போது, தெருவில் இல்லாத வீட்டுக்குப் பட்டா கேட்பதாகக் கருதிக் கெர்னல் மறுத்துவிடுகிறது.

தீர்வு இரண்டு வகை. மூல இயந்திரத்தின் நிர்வாகி உங்கள் வெளிக் கன்டெய்னருக்கு இன்னும் அகன்ற எண் வரிசையை, உதாரணமாக 65536-க்குப் பதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களை, ஒதுக்கித் தரலாம். அப்போது பில்டரின் 100000 உண்மையாகவே இருக்கும். நிர்வாகி இசையாவிட்டால், கையில் இருப்பதையே பங்கிட்டுக்கொள்ளலாம். பில்டரின் எண் 1000 என்றால், 1 முதல் 999 வரையும், 1001 முதல் 65535 வரையும் உள்ள எண்களை அவருக்குத் துணை எண்களாக எழுதுங்கள். அவருடைய சொந்த எண் உள் கன்டெய்னரின் 0 ஆகும். மற்றவை அதற்கடுத்து வரிசையாக அமரும். கடைசியில் ‘நோபடி’ என்ற 65534-ஆம் எண்ணுக்கும் சரியாக ஓர் இடம் கிடைத்துவிடும். குழு எண்களுக்கான சப்ஜிஐடி கோப்பிலும் இவ்வாறே செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன், கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவின்கீழ் ‘செல்ஃப்’ என்பதற்குள் இருக்கும் யூஐடி மேப் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் மூன்று நெடுவரிசைகள் இருக்கும்: உள்ளே தொடங்கும் எண், வெளியே தொடங்கும் எண், எத்தனை எண்கள் என்ற அளவு. மூல இயந்திரத்தில் இது 0, 0, 4294967295 என்று இருக்கும். உங்களிடம் 0, 100000, 65536 என்று இருந்தால் நான் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். கணக்கு சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், நியூயூஐடிமேப் நிரலை ரூட் உரிமையுடன் ஓடவைக்கும் செட்யூஐடி குறியோ, ரூட்டின் அதிகாரத்தில் ஒரு கூறை மட்டும் தரும் கோப்பு கேப்பபிலிட்டியோ, கன்டெய்னரின் மூலப் பொதியாகிய இமேஜை விரிக்கும்போது உதிர்ந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். நிரல்கள் கூடுதல் உரிமை பெறுவதைத் தடுக்கும் ‘நோ நியூ பிரிவிலெஜஸ்’ என்ற குறி வெளிக் கன்டெய்னரில் இடப்பட்டிருந்தாலும் அந்த நிரல் செயலற்றுப்போகும்.

கேள்வி (அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்): ‘பிரிவிலெஜ்டு’ என்ற ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் எல்லாம் ஓடுகிறதே, ஏன் இவ்வளவு பாடு என்று எங்கள் குழுத் தலைவர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா என்று கேளுங்கள். ரூட்டின் பெயரில் ஓடும் டாக்கர் என்ற கன்டெய்னர் சேவையிடம் அந்த விருப்பத்தைக் கொடுத்தால், கன்டெய்னருக்கு எல்லாக் கேப்பபிலிட்டிகளும் கிடைக்கின்றன. மூல இயந்திரத்தின் சாதனங்கள் யாவும் திறந்துவிடப்படுகின்றன. கெர்னலுக்குப் போகும் அழைப்புகளைச் சலிக்கும் செக்காம்ப் வடிகட்டியும், நிரல்களின் செயல்களைக் கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர் காவலும் விலக்கப்படுகின்றன. இணையத்திலிருந்து இறங்கும் யாரோ எழுதிய சார்புநிரல்களை ஓட்டிப் பார்க்கும் சோதனை இயந்திரத்தில் இதைச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. டாக்கர் சேவைக்குக் கட்டளையிடும் வாயிலாகிய சாக்கெட்டைக் கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்து, அதாவது இணைத்து, தருவதும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. அந்த சாக்கெட் கையில் இருப்பவர் மூல இயந்திரத்தின் ரூட்டாகவே ஆகிவிடலாம்.

ரூட்லெஸ் முறையில், அதாவது ரூட் உரிமை இல்லாமல், ஓடும் பாட்மேனிடம் இதே பெயருள்ள விருப்பத்தைக் கொடுத்தால், அது உங்கள் பயனருக்கு ஏற்கெனவே உள்ள உரிமையைத் தாண்டி எதையும் தராது. அங்கே அதன் பொருள், கூடுதலாக இட்ட திரைகளை விலக்குவது மட்டுமே. பெயர் ஒன்றாக இருப்பதால் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிக் குழம்புகிறார்கள். உங்கள் குழுத் தலைவர் சொல்வது எதை என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (தரமணியில் பணிபுரியும் சோதனைப் பொறியாளர்): உள் கன்டெய்னர் ஒருவழியாகத் தொடங்கிவிட்டது. இப்போது சோதனைகளில் சில மட்டும் விழுகின்றன: ஒன்று ப்ராக் கோப்பு முறைமையை மவுண்ட் செய்யும்போது, ஒன்று சாதனக் கோப்பை உருவாக்கும்போது, ஒன்று ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை கொண்ட வட்டுப் பிம்பத்தை மவுண்ட் செய்யும்போது. எல்லாவற்றுக்கும் ஒரே பிழைச்செய்தி, ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: யார் மறுத்தார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பிழைச்செய்தி மறுத்தவரின் பெயரைச் சொல்வதில்லை. அரசு அலுவலகத்தில் கையெழுத்தில்லாமல் திரும்பிவரும் விண்ணப்பத்தைப் போன்றது. உங்களுக்கும் மூல இயந்திரத்துக்கும் இடையே குறைந்தது நான்கு மேசைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனியே மறுக்க வல்லது.

முதல் மேசை செக்காம்ப். டாக்கரின் இயல்பான செக்காம்ப் பட்டியல், தேவையான கேப்பபிலிட்டி இல்லாத கன்டெய்னருக்குள்ளிருந்து மவுண்ட், புதிய நேம்ஸ்பேஸை உருவாக்கும் அன்ஷேர் போன்ற அழைப்புகளைக் கெர்னலின் உட்புறத்துக்கே போகவிடாது. வெளிக் கன்டெய்னர் டாக்கரில் ஓடினால், உள்ளே நீங்கள் எவ்வளவு சரியாகச் செய்தாலும் புதிய நேம்ஸ்பேஸ் உருவாகாது. ப்ராக் அடைவில் உங்கள் செயலியின் நிலைக் கோப்பில் செக்காம்ப் என்ற வரியில் 2 என்று இருந்தால் வடிகட்டி ஒன்று இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, ஆப்ஆர்மர் போன்ற பாதுகாப்புக் கொள்கை. உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டின் 23.10-இல் அறிமுகமாகி, 24.04-இல் இயல்பாகவே நடைமுறைக்கு வந்த கட்டுப்பாடு ஒன்று, ஆப்ஆர்மர் விவரணம் இல்லாத நிரல்கள் சாதாரணப் பயனரின் பெயரில் யூசர் நேம்ஸ்பேஸை உருவாக்கினால், அதற்குள் கேப்பபிலிட்டிகளைப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. பெருங்குடி வாசகருக்கு வந்த அதே யூஐடி மேப் பிழை, அவருடைய காரணம் எதுவும் இல்லாமலே, இதனாலும் வரும். டெபியன் என்ற மற்றொரு வெளியீட்டில் நிலைமை நேரெதிர்: முன்பு பூட்டிவைத்திருந்த இந்த வசதியை 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பில் திறந்துவிட்டார்கள். ஆகவே மடிக்கணினியில் டெபியனும் சோதனை இயந்திரத்தில் உபுண்டுவும் வைத்திருப்பவர்கள், ‘என் கணினியில் ஓடியதே’ என்று புலம்புவதில் வியப்பில்லை. ஆப்ஆர்மர் மறுத்தால் அந்தக் குறிப்பு மூல இயந்திரத்தின் கெர்னல் பதிவேட்டில் விழும். கன்டெய்னருக்குள் இருக்கும் உங்களால் பெரும்பாலும் அதைப் படிக்க முடியாது. நிர்வாகியைத் தேநீருக்கு அழைத்து, நேரம் குறிப்பிட்டு, பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்பதே விரைவான வழி.

மூன்றாவது, மவுண்ட் பற்றிய கெர்னலின் சொந்த விதி. உங்கள் ப்ராக் சோதனை விழுவது இங்கேதான். வெளிக் கன்டெய்னரைத் தொடங்கிய கருவி, ப்ராக் அடைவில் கேகோர், கீஸ் போன்ற சில கோப்புகளை மறைத்துவைக்கிறது. சிஸ் என்ற கிளையைப் படிக்க மட்டும் விடுகிறது. நீங்கள் புதிதாக ஒரு ப்ராக்கை மவுண்ட் செய்தால் மறைத்தவை எல்லாம் மீண்டும் தெரிந்துவிடுமல்லவா? உங்களுக்கு மறைக்கப்பட்டதை நீங்கள் புதுக் கண்ணாடி மாட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, ஏற்கெனவே முழுமையாகத் தெரியும் ஒரு ப்ராக் உங்கள் மவுண்ட் நேம்ஸ்பேஸில் இருந்தாலன்றிக் கெர்னல் புதியதை அனுமதிப்பதில்லை. நிர்வாகி வெளிக் கன்டெய்னரில் அந்தத் திரைகளை நீக்கித் தரலாம். எல்எக்ஸ்டி, இன்கஸ் ஆகிய கன்டெய்னர் கருவிகளில், உள்ளே கன்டெய்னரை அனுமதிக்கும் நெஸ்டிங் என்ற அமைப்பை இயக்கினால், திரையில்லாத ப்ராக் ஒன்று டெவ் அடைவின் ஒரு மூலையில் தனியே மவுண்ட் செய்யப்பட்டு இந்த விதி நிறைவேற்றப்படுகிறது; எனக்கு மிகவும் பிடித்த தந்திரங்களுள் இது ஒன்று. வெளியே இருக்கும் ப்ராக்கையே பைண்ட் மவுண்ட் செய்துகொள்வதும், அதாவது அதையே உள்ளேயும் தெரியவைப்பதும், உண்டு. ஆனால் அதில் தெரியும் செயலி எண்கள் வெளிக் கன்டெய்னருடையவை, ஆகவே செயலிகளை எண்ணிப் பார்க்கும் சோதனை அங்கே தவறான விடையைத் தரும்.

நான்காவது மேசையில் அப்பீல் கிடையாது. சில செயல்களுக்குக் கெர்னல் கேட்பது முதல் நேம்ஸ்பேஸின், அதாவது மூல இயந்திரத்தின், உண்மையான ரூட் உரிமையை. சாதனக் கோப்பை உருவாக்குவது அத்தகையது. இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் வட்டுக்கான சாதனக் கோப்பை உருவாக்கி நேரே படித்துவிடுவார்கள். ஈஎக்ஸ்டி4 மவுண்டும் அத்தகையதே. வட்டுப் பிம்பத்தின் உள்ளமைப்பைக் கெர்னலே வாசிக்கிறது. தீய நோக்கத்துடன் வடித்த பிம்பம் ஒன்று கெர்னலையே குலைத்துவிடக்கூடும் என்பதால், டெம்ப்எஃப்எஸ், ப்ராக், ஃப்யூஸ், ஓவர்லே போன்ற ஒரு சில கோப்பு முறைமைகளுக்கே யூசர் நேம்ஸ்பேஸுக்குள் இடம் உண்டு. கடிகாரத்தை மாற்றுவது, கெர்னலோடு சேரும் துணைநிரலாகிய மாட்யூலை ஏற்றுவது ஆகியனவும் இங்கேயே நின்றுவிடும்.

இதற்கு மாற்று வழி பெரும்பாலும் சோதனையை வேறுவிதமாக எழுதுவதுதான். உங்கள் ஈஎக்ஸ்டி4 சோதனை உண்மையில் மவுண்ட் செய்வதைச் சோதிக்கிறதா, அல்லது சில கோப்புகள் அடங்கிய பிம்பம் ஒன்று வேண்டும் என்பதற்காக மவுண்ட் செய்கிறதா? பின்னது என்றால், எம்கேஈ2எஃப்எஸ் கருவியின் ‘டி’ என்ற விருப்பத்துக்கு ஓர் அடைவைக் காட்டினால், மவுண்ட் இல்லாமலே அதன் உள்ளடக்கத்துடன் பிம்பம் உருவாகிவிடும்.

மறுப்பு எந்த மேசையில் என்று கண்டறிய, கெர்னல் அழைப்புகளைப் பதிவுசெய்யும் எஸ்ட்ரேஸ் கருவியைக் கொண்டு சோதனையை ஓட்டி, எந்த அழைப்பு எந்த நிலையில் திரும்புகிறது என்று பாருங்கள். பிறகு அந்த ஓர் அழைப்பை மட்டும், அன்ஷேர் கட்டளையைக் கொண்டு, மூன்று இடங்களில் கையால் செய்து பாருங்கள்: மூல இயந்திரத்தில் சாதாரணப் பயனராக, வெளிக் கன்டெய்னரில், உள் கன்டெய்னரில். எங்கே முதலில் மறுக்கப்படுகிறதோ அந்த அடுக்கில்தான் மறுத்தவர் இருக்கிறார்.

கேள்வி (குரோம்பேட்டையிலிருந்து ஒரு பொறியியல் மாணவி): எவருக்கும் அனுமதி இல்லாத, 000 என்ற முறைமையுள்ள கோப்பைத் திறக்க முடியக் கூடாது என்று ஒரு சோதனை எழுதியிருக்கிறேன் ஐயா. என் மடிக்கணினியில் தேறும் அந்தச் சோதனை, கன்டெய்னருக்குள் விழுகிறது. கோப்பு திறந்துவிடுகிறது.

பதில்: உங்கள் சோதனை சரி, அதை ஓட்டும் ஆள்தான் தவறு. கன்டெய்னருக்குள் நீங்கள் ரூட். அந்த நேம்ஸ்பேஸின் எண்களுக்குச் சொந்தமான கோப்புகளின் அனுமதிகளை மீறும் கேப்பபிலிட்டி ரூட்டுக்கு உண்டு. கன்டெய்னருக்குள் ஒரு சாதாரணப் பயனரை உருவாக்கி, அவர் பெயரில் சோதனைகளை ஓட்டுங்கள். நான் பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் இதே சோதனையை யாரோ ‘கன்டெய்னரில் விழும்’ என்று குறித்து நிறுத்திவைத்திருந்தார்கள். பல மாதங்கள் கழித்து அனுமதிச் சரிபார்ப்பு உண்மையாகவே உடைந்தபோது, அதைப் பிடிக்க வேண்டிய சோதனை உறங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு நேர்மாறான வியப்பும் ஒன்று உண்டு. உள்ளே ரூட்டாக இருந்துகொண்டு ஒரு கோப்பின் உரிமையை 70000 என்ற எண்ணுக்கு மாற்றிப் பாருங்கள். உங்கள் வரிசை 65535-இல் முடிவதால், அனுமதி இல்லை என்றுகூடச் சொல்லாமல், ‘இன்வேலிட் ஆர்க்யுமென்ட்’ என்று கெர்னல் கேள்வியையே தள்ளிவிடும்.

கேள்வி (நாவலூர்): உள் கன்டெய்னர் ஒவ்வொன்றும் தொடங்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது, வட்டும் நிரம்பிவிடுகிறது. என்ன காரணம்?

பதில்: பெரும்பாலும் உங்கள் கருவி, வேறு வழியில்லாமல், விஎஃப்எஸ் என்ற சேமிப்பு முறைக்கு இறங்கிவந்திருக்கும். அது இமேஜின் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டாமல், ஒவ்வோர் அடுக்குக்கும் முழு நகலே எடுக்கிறது. அடுக்குகளை அவ்வாறு பொருத்திக் காட்டும் ஓவர்லே கோப்பு முறைமை கெர்னலுக்குள் வந்தது 2014-இல், 3.18 பதிப்பில், ஆனால் யூசர் நேம்ஸ்பேஸுக்குள் அதை மவுண்ட் செய்ய மூலக் கெர்னலில் அனுமதி கிடைத்தது 2021-இல் வந்த 5.11 பதிப்பில்தான். உங்கள் கெர்னல் அதற்கு முந்தியது என்றால், ஃப்யூஸ் ஓவர்லே என்ற நிரல் கைகொடுக்கும். அதற்கு டெவ் அடைவின் ஃப்யூஸ் சாதனத்தை வெளிக் கன்டெய்னருக்குள் அனுமதிக்க வேண்டும்.

புதிய கெர்னலிலும் ஒரு பள்ளம் உண்டு. வெளிக் கன்டெய்னரின் கோப்பு முறைமையே ஓர் ஓவர்லே. அதன்மேல் உள் கன்டெய்னரின் எழுதும் அடுக்கை வைத்தால் கெர்னல் ஏற்காது. உள் கன்டெய்னரின் சேமிப்பு அடைவுக்கு, மூல இயந்திரத்தின் சாதாரணக் கோப்பு முறைமையிலிருந்து ஒரு வால்யூமை மவுண்ட் செய்து தரச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே வேகம் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்கலாம்.

கேள்வி (சோழிங்கநல்லூர்): 64 கோர்கள் கொண்ட இயந்திரத்தில் எங்கள் கன்டெய்னருக்கு 4 கோர் அளவே ஒதுக்கியிருக்கிறார்கள். சோதனைகள் ஒரு நாள் தேறுகின்றன, மறுநாள் நேரம் கடந்து விழுகின்றன.

பதில்: உங்கள் சோதனை ஓட்டி, இயந்திரத்தில் எத்தனை கோர்கள் என்று கேட்டு, 64 என்ற விடையைப் பெற்று, 64 சோதனைகளை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுகிறது. கெர்னலின் வளப் பங்கீட்டு வசதியாகிய சிகுரூப் விதிக்கும் நேர ஒதுக்கீடு கோர்களை மறைப்பதில்லை. நான்கு கோர்களுக்குரிய நேரம் தீர்ந்ததும் எல்லாரையும் சற்று உறங்கவைக்கிறது, அவ்வளவே. நினைவகமும் அப்படித்தான்: ப்ராக் அடைவின் மெம்இன்ஃபோ கோப்பு மூல இயந்திரத்தின் முழு அளவையே காட்டும். எல்எக்ஸ்சிஎஃப்எஸ் என்ற நிரலை நிர்வாகி அமைத்துத் தந்தால் இவ்வெண்கள் உங்கள் ஒதுக்கீட்டுக்கு ஏற்பத் திருத்திக் காட்டப்படும். அது இல்லாத இடத்தில், ஒரே நேரத்தில் ஓட வேண்டிய சோதனைகளின் எண்ணிக்கையை நீங்களே எழுதிக்கொடுத்துவிடுங்கள். இதில் தானியங்கிக் கண்டறிதலை நான் நம்புவதில்லை.

‘அதிகக் கோப்புகள் திறந்திருக்கின்றன’ என்ற பிழையும் சில நாட்களில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது, கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபை வசதியின் வரம்பாக இருக்கக்கூடும். ஒரு பயனருக்கு 128 கண்காணிப்பு அமர்வுகள் என்பது வழக்கமான வரம்பு. உள் கன்டெய்னர்களில் தொடங்குபவையும் வெளிப் பயனரின் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

கேள்வி (மயிலாப்பூர்): வலைத் தொடர்பே இல்லாமல் சோதனைகளை ஓட்ட, அன்ஷேர் மூலம் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸை உருவாக்கினேன். 127.0.0.1 என்ற முகவரிக்குக்கூட இணைப்பு கிடைக்கவில்லையே?

பதில்: புதிய நெட்வொர்க் நேம்ஸ்பேஸில், இயந்திரம் தன்னோடு தானே பேசும் லூப்பேக் இடைமுகம் இருக்கும், ஆனால் இறக்கிவைக்கப்பட்டிருக்கும். ஐபி கட்டளையால் அதை ஒருமுறை எழுப்பிவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள்.

கேள்வி (பள்ளிக்கரணை): சோதனை முடிந்தபின் பணியடைவில் சில கோப்புகள் எஞ்சிவிடுகின்றன. உரிமையாளர் எண் 100999 என்று காட்டுகிறது. எங்களால் அழிக்க முடியவில்லை. யார் அந்த 100999?

பதில்: கன்டெய்னருக்குள் 1000 என்ற எண்ணுடன் வாழ்ந்தவர்தான். ரூட்லெஸ் முறையில் உள்ளே 0 என்பது உங்கள் சொந்த எண். 1 என்பது வெளியே 100000. அவ்வாறே எண்ணிக்கொண்டு போனால் 1000 என்பது 100999. புதிய எண்ணில் வாழ்ந்தவரின் பொருள்களைப் பழைய எண்ணின் தெருவில் நின்றுகொண்டு நீங்கள் அகற்ற முயல்கிறீர்கள். பாட்மேனின் அன்ஷேர் துணைக்கட்டளை மூலம் அதே எண் வரிசைக்குள் நுழைந்து அழியுங்கள். அங்கே நீங்கள் ரூட், அவர் உங்கள் குடியிருப்பாளர். இதற்காக நிர்வாகியிடம் சூடோ உரிமை கேட்டு அலைய வேண்டியதில்லை.

கேள்வி (கிண்டியிலிருந்து ஒரு தர உறுதிப் பிரிவுத் தலைவர்): எந்தச் சோதனைகளைக் கன்டெய்னரில் வைத்துக்கொள்வது, எவற்றைத் தனிக் கெர்னலுடன் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு அனுப்புவது? எங்கள் அறிக்கையில் எல்லாமே பச்சையாகத்தான் இருக்கிறது. ஆயினும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. அந்தப் பச்சையில் எத்தனை, ‘உரிமை இல்லாததால் ஓட்டவில்லை’ என்பதை மறைத்துக்கொண்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தீர்களா? டெபியன் திட்டத்தினர் தம் ஆட்டோபிகேஜிடெஸ்ட் முறையில் இதை நேர்த்தியாக வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சோதனையும் தனக்கு ரூட் வேண்டுமா, தனக்கெனச் சேவைகளைத் தொடங்கக் கன்டெய்னர் அளவிலான தனிமை போதுமா, கெர்னலைத் தொடுவதால் முழு இயந்திர அளவிலான தனிமை வேண்டுமா என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறது. ஓட்டும் இடம் அந்தத் தேவையை நிறைவேற்ற இயலாவிட்டால் சோதனை தவிர்க்கப்பட்டதாகவே பதிவாகும், தேறியதாக அன்று. சோதனை ஓடத் தொடங்கியபின் தனக்கு ஏதோ குறைகிறது என்று கண்டுகொண்டால், 77 என்ற வெளியேறும் எண்ணைக் கொடுத்து அதைத் தெரிவிக்கலாம். ஆட்டோமேக் முறையிலும் இதே எண்தான் வழக்கம்.

உங்கள் நிறுவனத்திலும் இந்த மூன்று வகைகளைப் பின்பற்றலாம். மாட்யூல், கடிகாரம், இயந்திரம் முழுவதற்குமான கெர்னல் அமைப்பு எண்கள், உண்மையான வட்டு மவுண்ட் ஆகியவற்றைத் தொடுபவை விர்ச்சுவல் மெஷினுக்குப் போகட்டும். மற்றவை கன்டெய்னரிலேயே இருக்கலாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ‘நான் கன்டெய்னருக்குள் இருக்கிறேனா’ என்று கேட்டு, ஆம் என்றால் விலகிக்கொள்ளும் சோதனைகளை ஏற்காதீர்கள். ஒரு கன்டெய்னரில் ஃப்யூஸ் இருக்கும், இன்னொன்றில் இராது. ஒன்றில் ப்ராக் மவுண்ட் ஆகும், இன்னொன்றில் ஆகாது. தனக்குத் தேவையான அந்த ஒரு செயலைச் செய்து பார்த்து, மறுக்கப்பட்டால் மட்டும், என்ன மறுக்கப்பட்டது என்ற குறிப்புடன் விலகும் சோதனையே பயனுள்ளது. நெஸ்டிங் வசதியை நிர்வாகி பின்னொரு நாள் திறந்துவிட்டால், அத்தகைய சோதனை யாரும் தொடாமலே மீண்டும் ஓடத் தொடங்கிவிடும். தவிர்த்தவற்றின் எண்ணிக்கையை அறிக்கையின் முதல் வரியில், தேறியவற்றுக்குப் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். திடீரென அது கூடினால், நிரல் மாறியதா, இயந்திரம் மாறியதா என்று அன்றே கேட்டுவிடலாம்.

கேள்வி (வேளச்சேரி): கன்டெய்னருக்குள் கன்டெய்னர், அதற்குள் இன்னொன்று என்று எத்தனை அடுக்குவரை போகலாம்?

பதில்: யூசர் நேம்ஸ்பேஸ்களுக்குக் கெர்னல் விதித்த வரம்பு 32 அடுக்குகள். என் அனுபவத்தில் மூன்றாவது அடுக்கிலேயே எண் வரிசையும் பொறுமையும் தீர்ந்துவிடுகின்றன. வரம்பைத் தாண்டினால் வரும் பிழைச்செய்திதான் வேடிக்கையானது: 4.9 பதிப்பு முதல் அது ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று சொல்லும். நிர்வாகி யூசர் நேம்ஸ்பேஸ்களின் உச்ச எண்ணிக்கையை 0 என்று வைத்திருந்தாலும் முதல் அடுக்கிலேயே இதே செய்தி வரும். அதைப் பார்த்துவிட்டு வட்டில் இடம் இல்லையோ என்று பழைய இமேஜ்களையெல்லாம் அழித்துக்கொண்டிருக்க வேண்டாம்.